வரப்பில் நாட்டுப் பூச்செடிகள்: விதையிட்டு வளர்க்கும் முறை

கத்தரிச் செடி நன்றாய்த் தழைத்துப் பூத்தும் காய் சுருங்கக் காணும்போது, குடியானவர் முதலில் ஐயுறுவது எருவையே. எருவில் குறைவில்லையெனில் நீரைக் குற்றங் கூறுவார்; அதுவும் சரியாயிருப்பின் விதை விற்றவரை நோவார். பூவுக்கு வந்து போகவேண்டிய பூச்சி வந்ததா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. தாம்பரத்திற்குத் தெற்கே ஊரப்பாக்கம் முதலிய கிராமங்களில் இன்னும் காய்கறி பயிரிட்டு வருவோர் இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாத காலம் வந்திருக்கிறது.

செங்கற்பட்டு மாவட்டம் 2019-ம் வருஷத்தில் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதில் வண்டலூர் வட்டத்தையும் காட்டாங்கொளத்தூர் ஊராட்சி ஒன்றியத்தையும் சேர்ந்தது ஊரப்பாக்கம். வண்டலூர்க் குன்றும் அதன் காப்புக்காடும் ஒருபுறம் இருக்க, சுற்றிலும் செம்மண்ணும் சரளையுமான மேட்டு நிலங்களும், ஏரிப்பாய்ச்சலுள்ள தாழ்ந்த நிலங்களும் கலந்த பூமி இது. மேட்டு நிலங்களில் ஆவாரையும் தும்பையும் கொழிஞ்சியும் யாரும் விதைக்காமலே மண்டிக்கிடந்தன. 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடுத்துள்ள கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு வெகு முன்னரே மேட்டு நிலங்கள் மனைகளாகப் பிரிக்கப்படத் தொடங்கிவிட்டன. மனை பிரிப்பவர் முதலில் செய்யும் வேலை, எந்திரம் விட்டுப் புதரனைத்தையும் வழித்தெடுத்து மண்ணைச் சமமாக்குவதேயாகும். புதரை உடையவர் எவருமில்லையாதலால் அதன் நஷ்டத்தை எவரும் கணக்கில் எழுதவில்லை. அது பக்கத்து வயற்காரரின் கணக்கில் ஏறுகிறது.

பெரிய கருவண்டுகள் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து இரை தேட வல்லவை. ஆனால் சிறு தேனீ வகைகளில் பெரும்பாலானவை கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்திற்குள்ளேயே தம் வாழ்வை நடத்துகின்றன. சுற்றிலும் மனைகளும் நடுவில் இரண்டு ஏக்கர் கத்தரியுமாக இருந்தால், அந்தக் கத்தரி பூக்காத மாதங்களில் அவை எதைத் தின்று உயிர்வாழும்? ஆகையால், முன்பு ஊர்ப் பொதுவில் கிடைத்த பூக்களை இனி அவரவர் வரப்பிலேயே உண்டாக்கிக்கொள்ளவேண்டியதாயிற்று. அதற்கு வேண்டிய செலவு சொற்பம். வேண்டியது விதையும் பருவமும் சிறிது பொறுமையுமே.

எந்தப் பயிருக்கு எந்தப் பூச்சி

நெல் பயிரிடும் மிராசுதாரர் ஒருவர், "என் பயிருக்குத் தேனீ எதற்கு?" என்று கேட்பாரானால் அது நியாயமான கேள்வியே. நெல் தன் பூவிலேயே சூல்கொள்ளும் பயிர், பூச்சியை எதிர்பார்ப்பதில்லை. கேழ்வரகும் அப்படியே. ஆனால் 2007-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, உலகின் முக்கிய உணவுப் பயிர்கள் 115-ல் 87 பயிர்கள் ஏதேனும் ஓரளவுக்குப் பூச்சி முதலிய பிராணிகளின் மகரந்தச் சேர்க்கையால் பயன் பெறுகின்றன. பூசணி, பாகல், புடல் முதலிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூச்சியோ மனிதர் கையோ மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தாலன்றிப் பிஞ்சு வெம்பி உதிரும். பூசணிப் பூ விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே கூம்பிவிடுமாதலால் அதற்குக் காலைத் தேனீயே கதி. சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. அவற்றிற்கு அந்திப் பூச்சிகள் வரும்.

கத்தரியின் செய்தி தனியானது. சற்று விரித்துச் சொல்லத் தக்கது. மற்றப் பூக்களில் மகரந்தப்பை நெடுக வெடித்துப் பொடி வெளியே தெரியும். கத்தரிப் பூவிலோ மகரந்தப்பையின் நுனியில் சிறு துவாரங்கள் மாத்திரமே உண்டு. பொடி உள்ளே அடைபட்டுக் கிடக்கும். துளையிட்ட மூடியுள்ள பொடிக் குப்பியைக் கவிழ்த்து உதறினாலன்றிப் பொடி விழாததுபோல, இந்தப் பூவை அதிரச் செய்தாலன்றி மகரந்தம் தாராளமாய் வெளிப்படாது. மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டும், வயிற்றில் நீல வளையங்களையுடைய நீலப்பட்டைத் தேனீயும் இவ்வித்தையை அறிந்தவை. பூவை இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் சிறகுத் தசைகளை மட்டும் அதிரவைக்கின்றன. அப்போது எழும் ரீங்காரம் அருகில் நிற்பவர் காதில் தெளிவாய் விழும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இது வராது. காற்றின் அசைவாலும் கத்தரியில் ஓரளவு காய் பிடிப்பதுண்டு. ஆயினும் அதிர்க்கும் பூச்சிகள் வந்துபோன செடியில் காயும் மிகும், காயினுள் விதையும் நிரம்பும். தக்காளிப் பூவின் அமைப்பும் இவ்வகைப்பட்டதே.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. கத்தரியில் உதிரும் பூவெல்லாம் பூச்சியில்லாமையால் உதிர்வதன்று. சூலகத்தண்டு நீண்டும் நடுத்தரமாயும் உள்ள பூக்களே காய்க்கும். தண்டு குறுகிய பூக்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. காலையில் பத்துப் பூக்களைப் பிரித்துப் பார்த்து, நீண்ட தண்டுள்ளவையும் உதிர்கின்றனவா என்று அறிந்த பின்னரே பூச்சிக் குறைவு என்று முடிவு கட்டவேண்டும்.

ஆவாரைக்குள்ள உறவு

மேலே கண்ட கத்தரிப் பூவின் நுனித்துவார அமைப்பே ஆவாரம்பூவிலும் இருக்கிறது. கத்தரியை அதிர்க்கும் அதே கருவண்டு ஆவாரையையும் அதிர்த்தே மகரந்தம் கொள்கிறது. வறட்சியில் மற்றச் செடிகள் வாடி நிற்கும்போதும் ஆவாரை பூத்துக்கொண்டிருப்பது எல்லோரும் கண்டதே. மழைக்காலத்திற்குப் பின் அது பொன்போலப் பூக்கும். ஏனைய மாதங்களிலும் முற்றும் ஓய்வதில்லை. எனவே, கத்தரி வயலின் மேட்டு வரப்பில் நாலு ஆவாரைச் செடி நிற்பது, கத்தரிக்கு வேலை செய்யும் ஆட்களுக்கு வருஷ முழுதும் கஞ்சி ஊற்றி வைப்பதற்குச் சமம்.

ஆனால் ஆவாரை மட்டும் போதாது. அதன் பூவில் மகரந்தமுண்டு, தேனில்லை. தேனுக்காகத் தும்பை வேண்டும். மழைக்குப் பின் தோன்றிப் பனிக்காலமெல்லாம் வெண்பூப் பூக்கும் தும்பையில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் இடைவிடாமல் மொய்ப்பதைக் காணலாம். மூன்றாவதாகக் கொழிஞ்சி. இது குடியானவருக்குப் புதியதன்று. அறுவடையான நெல் வயலில் பசுந்தாள் உரமாக விதைக்கப்பட்டு வருவதே. ஆடுமாடுகள் இதை விரும்பித் தின்னாதது வேலியில்லாத இடத்திற்கு ஒரு பெரிய அநுகூலம். இம்மூன்றையும் சேர்த்து வைத்தால் மகரந்தமும் தேனும் மாறி மாறிக் கிடைக்கும். சணப்பையைப் பசுந்தாளாக விதைப்பவர்கள், பூக்கும் தருணத்தில் மடக்கி உழும்போது வயலோரத்தில் இரண்டு சால் அகலம் உழாமல் விட்டுவைத்தால் கருவண்டுகளுக்கு அது பெரு விருந்தாகும்.

ஆவாரையைப் பற்றி வேறொன்றும் நினைவுகூரத் தக்கது. முற்காலத்தில் தென்னாட்டுத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆவாரம் பட்டையே முதன்மையான சரக்காக இருந்தது. ஊரப்பாக்கத்திற்கு வடக்கேயுள்ள குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததோ, பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பினால் பதனிட்ட தோல் சாலையினால். பட்டை உரிப்பார் இல்லாமற் போனதால் ஆவாரை பிழைத்ததென்று மகிழ இடமில்லை. விலையில்லாச் செடியென்று கருதப்பட்டதே அதற்குக் கேடாய் முடிந்தது.

விதை சேகரித்தல்

விதையை விலைக்கு வாங்குவதினும் உள்ளூரிலேயே சேகரிப்பது நலம். சென்னையையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த பூக்கும் தாவரங்களைப் பற்றி பி. வி. மயூரநாதன் எழுதிய நூலைச் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலை 1929-ல் வெளியிட்டது. ஐயமுள்ளவர் செடியை அத்தகைய நூலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலைக்கு வாங்குவோர் பெயரில் ஏமாறக்கூடாது. மஞ்சட்பூவுள்ள வேறொரு அயல்நாட்டு மரம், ஆவாரைக்கு உறவான சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்பது, நீலகிரி முதலிய மலைக்காடுகளில் பரவி, அதை அகற்றுவதற்கே அரசாங்கம் இப்போது பெரும்பணம் செலவிடுகிறது. அவ்வாறே பல நிறப் பூக்களின் படம் போட்ட அயல்நாட்டு விதைப் பொட்டலங்களும் வரப்புக்கு ஏற்றவையல்ல. முதல் கோடையிலேயே மடிந்துபோகும், மடியாதவை களையாகும்.

ஆவாரங்காய் தட்டையாய்க் காகிதம்போல் உலர்ந்து பழுப்பு நிறமடைந்ததும் பறிக்கவேண்டும். பச்சைக் காயில் எடுத்த விதை சுருங்கிவிடும்; மிகவும் தாமதித்தால் விதையைத் துளைக்கும் சிறு வண்டு முந்திக்கொள்ளும். உடைத்த விதைகளில் துளையுள்ளவற்றைப் பொறுக்கி எறிந்து, எஞ்சியதை நிழலில் உலர்த்தி, வேப்பிலைச் சருகோடு மண்கலத்தில் இடுக. கொழிஞ்சிக்காய் வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறுமாதலால், காலைப் பனி ஈரமிருக்கும்போதே பழுப்பான காய்களைக் கொய்து துணியால் மூடி உலர்த்தவேண்டும். தும்பையின் உலர்ந்த பூங்கொத்துக்களை முறத்தில் தட்டினாலே விதை உதிரும். எந்தச் செடியிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடாமல், எஞ்சியதை அவ்விடத்திலேயே விழ விடுவது முறை. காப்புக்காட்டினுள் அனுமதியின்றி விதை எடுத்தல் சட்டப்படி குற்றம். வரப்பு, சாலையோரம், சொந்த நிலம் இவற்றிலேயே வேண்டிய அளவு கிடைக்கும்.

விதை நேர்த்தியும் விதைப்பும்

இவ்வேலையில் பலர் தோல்வியடைவது இந்தக் கட்டத்தில்தான். ஆவாரை, கொழிஞ்சி இரண்டும் கல் போன்ற தோலுடையவை. அப்படியே விதைத்தால் பத்தில் ஒன்றிரண்டு முளைத்து, மற்றவை மண்ணிலேயே உறங்கும். விதை கெட்டதென்று எண்ணி மறு வருஷம் அவ்விடத்தைக் கொத்திவிடுவார்கள். விதை கெடவில்லை, நீர் உட்செல்ல வழியில்லை, அவ்வளவே.

கொழிஞ்சி விதையுடன் சம அளவு கரடுமணல் சேர்த்து உரலிலிட்டு, விதை உடையாமல் மேல்தோல் மாத்திரம் சிராயும்படி இலேசாய்க் குத்தவேண்டும். பளபளப்பு நீங்கி மங்கினால் போதும். ஆவாரைக்கு வெந்நீர் ஏற்றது. நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதிப்பு அடங்கிய பின் விதைமேல் ஊற்றி, அடுப்பில் வைக்காமல் அப்படியே ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் பார்த்தால் சில விதைகள் இருமடங்காய்ப் பருத்திருக்கும், அவற்றையே விதைக்கலாம். பருக்காதவற்றை மணலுடன் தேய்த்து மறுபடியும் வெந்நீர் ஊற்றுக. பருத்த விதையைத் திரும்ப உலர்த்தி வைத்தால் கெட்டுப்போகும். ஆகவே அன்றைக்கு விதைக்கக்கூடிய அளவையே ஊறப்போடவேண்டும். தும்பை விதைக்கு இவ்வித நேர்த்தி ஒன்றும் வேண்டாம். அது மிகச் சிறியதாகையால் ஒரு கைப்பிடி விதைக்குப் பத்துக் கைப்பிடி மணல் கலந்து தூவி, மண்ணால் மூடாமல் காலால் மிதித்துவிட்டாலே போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது.

இப்பகுதிக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழையே. அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வலுக்கும். ஆவணியிலும் புரட்டாசியிலும் பெய்யும் மழையில் மேல்மண் ஈரமானதும் விதைத்தால், பெருமழை வருவதற்குள் நாற்று வேர் பிடித்துக்கொள்ளும். பெருமழையில் விதைத்தால் விதை அடித்துச் செல்லப்படும். மார்கழியில் விதைத்தால் வேர் ஆழ்வதற்குள் வெயில் வந்துவிடும். வறட்சி தாங்கும் செடியென்பது முதல் நாளிலிருந்தே வறட்சி தாங்குமென்று பொருளன்று. வேர் ஆழமாய் இறங்கிய பின்னரே அக்குணம் வரும். முதல் வருஷம் மழை இடையில் பதினைந்து நாள் நின்றுவிட்டால் ஆவாரைக் கன்றுக்கு ஒரு குடம் நீர் ஊற்றுவதில் வெட்கமில்லை. இரண்டாம் கோடைக்கு அந்தக் குடமும் வேண்டாம்.

ஆவாரையை நன்செய் வரப்பில் வைத்தல் தவறு. அதற்கு நீர்தேங்கல் ஆகாது. வரப்பு அகன்று புதராகவுமானால் எலி வளைக்கு இடமாகும். வடிகாலுள்ள மேட்டு எல்லை வரப்பு, கிணற்றுமேடு, களத்தின் ஓரம் இவையே தக்க இடங்கள். ஆறடிக்கு ஒரு குழியாகச் சிறு குழி எடுத்து, குழிக்கு மூன்று நாலு விதை, விரற்கணு ஆழத்தில் ஊன்றி, முளைத்த பின் ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் களையவேண்டும். எருவிடுதல் அநாவசியம்; எரு புல்லைத்தான் வளர்க்கும். இரண்டு குழிகளுக்கு இடையில் கொழிஞ்சியைக் கோட்டில் தூவலாம். பசுந்தாளுக்காக வயல் முழுவதும் விதைப்பவர் ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ வரை விதைப்பதுண்டு; வரப்புக்கு அந்தக் கணக்கில் சில கைப்பிடிகளே ஆகும். அவற்றின் முன்புறம், வயலை ஒட்டிய ஓரத்தில் தும்பை. முதல் வருஷத்தில் தும்பையும் கொழிஞ்சியும் பூக்கும். ஆவாரை சில இடங்களில் இரண்டாம் வருஷத்தில்தான் பூக்கும். அதுவரையில் பொறுக்கமாட்டாமல் பிடுங்கிவிட்டவர்களும் உண்டு.

வளர்த்த பின் செய்யத்தக்கன

புதர் வைத்தால் பாம்பு வருமென்று வேலையாட்கள் அஞ்சுவது இயல்பு. பூத்து விதை முற்றிய பின் ஆவாரையை முழங்கால் உயரத்திற்கு வெட்டிவிட்டால் அச்சத்திற்கு இடமில்லை; செடியும் கிளைத்துத் தழைக்கும். வரப்பில் வருகிற எல்லாப் பூண்டையும் காப்பாற்றவேண்டுமென்பதும் கருத்தன்று. துத்தி, மாவுப்பூச்சிக்குத் தங்குமிடமாகிறது. கத்தரி இனத்துக் காட்டுச்செடிகள் கத்தரியின் பூச்சிகளையும் நோய்களையும் வளர்க்கின்றன. பார்த்தீனியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றைப் பூக்குமுன் கையால் பிடுங்கவேண்டும். களைக்கொல்லி தெளித்தால் விதைத்த பூச்செடியும் கூடவே போகும்.

பூவிருந்தும் குடியிருக்க இடமில்லையெனில் பூச்சி தங்காது. கருவண்டு உலர்ந்த மூங்கிலிலும் பட்ட மரக்கிளையிலும் துளையிட்டு முட்டையிடும். பந்தலுக்கு உதவாத பழைய மூங்கிற்கழிகளை எரிக்காமல் வேலியோரம் சாத்திவைத்தால் அதுவே அதற்கு வீடு. நீலப்பட்டைத் தேனீ மண்ணிலும் மண்சுவரிலும் வளை தோண்டும். ஆகவே வரப்பின் ஒரு பக்கம் சிறிது வெற்று மண்ணாக, கொத்தாமலும் சிமெண்டு பூசாமலும் இருக்கவேண்டும். கொசுத்தேனீ பழஞ்சுவர் வெடிப்பில் குடியிருக்கும். அதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லையாதலால் அஞ்சிக் கலைக்கவேண்டியதில்லை.

தேனீப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் இவ்வளவும் எதற்கென்று சிலர் கேட்பர். பெட்டி நல்லதே, 1911-க்கும் 1917-க்கும் இடையில் திருச்சிராப்பள்ளியில் பலருக்குத் தேனீ வளர்ப்புக் கற்பித்த நியூட்டன் பாதிரியாரின் பெயரால் வழங்கும் சிறு பெட்டி நம் நாட்டுத் தேனீக்கு இன்றளவும் ஏற்றதாயிருக்கிறது. பூசணிக்கும் பாகலுக்கும் அத்தேனீ மிகவும் உதவும். எனினும் 1991, 1992-ம் வருஷங்களில் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோயால் பெட்டிகள் திரள் திரளாய்க் காலியானதை மறக்கலாகாது. ஒரே இனத்தை நம்பியிருப்பதில் உள்ள அபாயம் அது. கத்தரிக்கோ, முன் சொன்னபடி, பெட்டித் தேனீயால் ஆகாத வேலை ஒன்று இருக்கிறது.

மருந்து தெளிக்கும் வேளையைப் பற்றிக் கண்டிப்பாய்க் கூறவேண்டும். காய்த்துளைப்பான் புழுவுக்கென்று காலை வேளையில், பூ விரிந்திருக்கும்போது தெளிப்பவர், வரப்பில் வளர்த்ததை வயலில் கொல்கிறார். தாக்கிய நுனித்தண்டையும் புழுவிருக்கும் காயையும் கிள்ளி அழித்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் ஆகியவற்றை முதலில் செய்து, தெளித்தே தீரவேண்டுமானால் சூரியன் சாய்ந்த பின்னரே தெளிக்க. காற்று வரப்பின் பக்கம் வீசும் நாளைத் தவிர்க்க. விதையிலோ வேரிலோ இட்டுச் செடி முழுவதும் ஊடுருவும் மருந்துகள் மகரந்தத்திலும் தேனிலும் சென்று சேரக்கூடியவை; பூக்கும் பருவத்தையொட்டி அவற்றை விலக்குவதே நல்லது.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஏரிக்கரையின் வெளிப்புறச் சரிவு, சாலையோரம், மேய்க்கால் புறம்போக்கு இவை மனையாகாமல் எஞ்சியுள்ள பூநிலங்கள். இவற்றைச் சுத்தம் செய்யும் வேலை பெரும்பாலும் மழை முடிந்ததும், அதாவது செடிகள் பூத்துக் காய்க்கும் தையிலும் மாசியிலுமே நடைபெறுகிறது. விதை விழுமுன் வேரோடு போய்விடுகின்றன. ஏரிக்கரையின் பந்தோபஸ்துக்கு வேண்டிய இடத்தில் மரக்கன்றுகளையும் சீமைக்கருவேலையும் அகற்றுவது அவசியமே. அதை மறுப்பாரில்லை. ஆனால் சாலையோரத்தையும் மேய்க்காலையும் பங்குனி கடைசி வரையில் விட்டுவைத்து, அப்பொழுதும் ஒரு வருஷம் ஒரு பக்கமும் மறு வருஷம் மறு பக்கமுமாக வெட்டினால், வேலையும் குறையாது, விதையும் மண்ணில் விழும். வேலைக்கு ஆள் அனுப்புமுன் ஆவாரை நிற்கும் இடங்களில் ஒரு குச்சி நட்டு அடையாளமிட்டால் போதும். வெட்டுகிறவருக்கு எதை விடவேண்டுமென்பது தெரிந்துவிடும்.